பிரேக் விளக்கு, இண்டிகேட்டர்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் முறை

வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிற்கவைத்து "எரியுதா?" என்று கேட்டால் "எரியுது" என்பார். சட்டத்துக்கு அந்தப் பதில் போதாது. எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம், நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அது கேட்கும். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் பழுது பார்ப்பதும் எளிதாகும். சிமிட்டலை எண்ணினாலே கோளாறு பல்பிலா, அதைச் சிமிட்டவைக்கும் ரிலேவிலா என்று பாதி தெரிந்துவிடும். எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில், எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளந்தால், எரிந்துகொண்டிருக்கும் விளக்கும் தரத்துக்குக் கீழே போயிருப்பது தெரியும்.

உலகில் பெரிதும் புழங்குபவை இரண்டு தர மரபுகள். ஒன்று ஐக்கிய நாடுகளின் வாகன விதிகள். கார், லாரிகளில் விளக்கை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பது விதி 48. மோட்டார் சைக்கிளுக்கு விதி 53. இண்டிகேட்டர் விளக்குக்கு விதி 6. பிரேக் விளக்குக்கு விதி 7. கடைசி இரண்டும் இப்போது விதி 148-க்குள் ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன. இன்னொன்று அமெரிக்காவின் கூட்டரசுப் பாதுகாப்புத் தரம் 108. கீழே வரும் எண்கள் ஐ.நா. விதிகளுக்குரியவை, அமெரிக்க மரபு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இவற்றில் ஒன்றையோ இரண்டும் கலந்ததையோ பின்பற்றலாம். பதிவுச் சான்றோ தகுதிச் சான்றோ வாங்குமுன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 5 வாட் பல்ப் போட்ட டெஸ்ட் லேம்ப், நடுவில் 10 ஆம்ப் ஃபியூஸ் கோத்த ஒரு ஜம்பர் ஒயர், 400 எண் உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர், நல்ல பல்ப் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு 21 வாட் பல்ப். பேட்டரியை முதலில் அளந்துவிடுங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் எல்லா அளவும் பொய் சொல்லும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருப்பது இயல்பு. 24 வோல்ட் லாரிகளில் எண்கள் இரட்டிப்பாகும்.

ஒயரிங் படத்தில் ஐரோப்பிய வண்டிகளுக்கு எண் குறியீடுகள் வரும். 30 என்றால் பேட்டரியிலிருந்து நேரடி மின்சாரம், 15 என்றால் சாவி போட்டால் வரும் மின்சாரம், 31 என்றால் எர்த், 54 என்றால் பிரேக் விளக்கு, 49 ஃபிளாஷருக்குள் (இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் ரிலே) போவது, 49ஏ ஃபிளாஷரிலிருந்து வெளிவருவது, 58 பார்க் விளக்கு (இரவில் தொடர்ந்து எரியும் சிறு விளக்கு). இவற்றை மனதில் வைத்தால் படம் பார்ப்பது பாதி வேலைதான்.

பிரேக் மிதித்தால் ஒரு விளக்கும் எரியவில்லை

மூன்று பல்ப் ஒரே நாளில் போவது அரிது. ஆகவே பல்பைக் கழற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் இரண்டுதான்: ஃபியூஸ், பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச்.

அதற்கும் முன்னால் சாவியைப் போட்டுப் பாருங்கள். பல கார்களில் பிரேக் விளக்கு 30-லிருந்து வரும், சாவி இல்லாமலே எரியும். இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் 15-லிருந்துதான் வரும். எஞ்சினை இயக்க முடியாத நிலையில் சாவி இருக்கும்போது பிரேக் விளக்கு எரிய வேண்டும் என்று விதி 48 கட்டாயப்படுத்துவதில்லை. சாவி போடாமல் எரியாததைப் பழுதென்று நினைத்துப் பிரித்துப்போட்ட வண்டிகள் உண்டு.

ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். அதன் முதுகில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். பிரேக்கை மிதித்தபடி இரண்டிலும் டெஸ்ட் லேம்பை வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிற்று.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஸ்விட்சுக்குப் போங்கள். கனெக்டரைக் கழற்றி, மின்சாரம் வரும் முனையையும் விளக்குக்குப் போகும் முனையையும் ஜம்பர் ஒயரால் இணையுங்கள். விளக்கு எரிந்தால் ஸ்விட்ச் போயிருக்கிறது, அல்லது மிதிக்கும் அதற்கும் இடைவெளி மாறியிருக்கிறது. நான்கு முனை ஸ்விட்சுகளில் இன்னொரு ஜோடி எஞ்சின் கணினிக்குச் செய்தி அனுப்பும். பிரேக் விளக்கு இல்லாததோடு குரூஸ் கண்ட்ரோல் பிடிக்காமலும், ஆட்டோமேடிக் கியர் பார்க்கிலிருந்து நகராமலும் இருந்தால் ஸ்விட்ச் மீதே சந்தேகம் வலுக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ஸ்விட்சிலிருந்து ஒயர் நேரே விளக்குக்குப் போகாமல் பாடி கண்ட்ரோல் மாடியூல் என்ற பெட்டிக்குப் போகும் வண்டிகளில் ஜம்பர் போடாதீர்கள். ஸ்கேனரில் பிரேக் ஸ்விட்ச் நிலையைப் பாருங்கள். மிதிக்கும்போது அது மாறுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் கோளாறு மாடியூலின் வெளியீட்டுப் பக்கம்.

இருசக்கர வண்டியில் முன் லீவருக்கு ஒரு ஸ்விட்ச், பின் மிதிக்கு ஒரு ஸ்விட்ச். ஒன்றில் எரிந்து மற்றொன்றில் எரியவில்லை என்றால் பல்பும் ஃபியூஸும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. பின் ஸ்விட்ச் ஸ்பிரிங்கில் தொங்குவதாக இருந்தால், ஸ்விட்சின் உடலைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உடலோடு சேர்த்துத் திருப்பினால் ஒயர் முறுக்கிக்கொண்டு உள்ளே அறுந்துவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிந்தால் அளவு சரி.

மேலே எரிகிறது, கீழே இரண்டும் எரியவில்லை

பின்கண்ணாடி அருகே உள்ள மூன்றாவது விளக்குக்கு மின்சாரம் வருகிறது என்றால் ஃபியூஸும் ஸ்விட்சும் குற்றமற்றவை. இண்டிகேட்டரும் சிவப்பாக, பிரேக் விளக்கும் அதே பல்பாக இருக்கும் அமெரிக்க அமைப்பு வண்டிகளில் பிரேக் மின்சாரம் ஸ்டீயரிங் பக்கத்து இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாகச் சுற்றித்தான் பின்னால் போகிறது. அந்த ஸ்விட்சின் உள் தொடுமுனைகள் தேய்ந்தால் இந்த அறிகுறி அப்படியே வரும். இண்டிகேட்டர் தண்டை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒரு நொடி விளக்கு வந்துபோனால் இடம் கிடைத்துவிட்டது.

தனி மஞ்சள் இண்டிகேட்டர் உள்ள வண்டியில் இதே அறிகுறி என்றால் இரண்டு பல்பும் நிஜமாகவே போயிருக்கலாம். ஒன்று எப்போதோ போய், மற்றொன்று இப்போது போயிருக்கும். மூன்றாவது எரிவதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் மூன்றாவது விளக்கை வைத்துச் சட்டத்தைச் சமாளிக்க முடியாது. அதற்கான குறைந்தபட்ச வெளிச்சம் 25 கேண்டெலா. பக்கத்து பிரேக் விளக்கு ஒவ்வொன்றுக்கும் 60 கேண்டெலா. மேலும் விதி 48 எல்லாப் பிரேக் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும் என்கிறது.

மேல் விளக்கு மட்டும் எரியாவிட்டால் டிக்கிக் கதவின் கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர்களைப் பாருங்கள். திறந்து மூடி, திறந்து மூடி, அங்கேதான் ஒயர் அறும். மேல்தோல் முழுதாக இருந்து உள்ளே செம்பு மட்டும் அறுந்திருப்பது வழக்கம். ஒவ்வொன்றாக லேசாக இழுங்கள்; ரப்பர் போல நீள்வதுதான் அறுந்தது.

ஒரு பக்கம் எரியவில்லை, அல்லது மங்கலாக எரிகிறது

பல்பை மாற்றிப் போடுங்கள். எரியவில்லையா, ஹோல்டரைப் பாருங்கள். அடியில் உள்ள ஈயப் புள்ளி தட்டையாகத் தேய்ந்திருக்கும், அல்லது பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளைச் சிறு குச்சியில் சுற்றித் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, அடிப்பகுதித் தகட்டைச் சற்று மேலே நெம்பி விடுங்கள். ஹோல்டரின் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. தளர்ந்த தொடுமுனை சூடாகி, சூட்டில் இன்னும் தளர்ந்து கெட்டிருக்கிறது. புதிய பல்பையும் தின்றுவிடும்.

மங்கல் என்றால் மீட்டரை எடுக்க வேண்டும். பிரேக்கை ஒருவர் மிதித்தபடி இருக்க, பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே அளங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. அடுத்து பேட்டரி பாசிட்டிவ்வுக்கும் பல்பின் உள்வரும் முனைக்கும் இடையே அளங்கள்; 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு அளவையும் விளக்கு எரியும்போதே எடுக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயர்கூட முழு 12 வோல்ட்டைக் காட்டும்.

ஒரு வோல்ட்தானே என்று விட்டுவிடக் கூடாது. இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். புதிதாக இருந்தபோது 60 கேண்டெலாவைக் கொஞ்சம் தாண்டி நின்ற விளக்கு, களிம்பேறிய ஒரு எர்த் திருகாணியால் சட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிடும். லென்ஸ் மங்கியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். கண்ணுக்கு "எரியுது" என்றே படும்.

இருபக்கமும் எரிகிறது, ஆனால் இரவில் பிரேக் மிதித்தால் வித்தியாசமே தெரியவில்லை

ஒரே கண்ணாடிக்குள் பார்க் விளக்கும் பிரேக் விளக்கும் இருக்கும்போது, இரண்டும் சேர்ந்த வெளிச்சம் பார்க் விளக்கு மட்டும் தரும் வெளிச்சத்தைப் போல 5 மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. இது கெடுவதற்கு முதல் காரணம் தவறான பல்ப். டபுள் கான்டாக்ட் பல்பான பி21/5டபிள்யூவின் பக்கவாட்டு முள்கள் இரண்டும் வேறு வேறு உயரத்தில் இருக்கும், தலைகீழாக நுழையாது. அதே பருமனில் முள்கள் ஒரே உயரத்தில் உள்ள பல்பும் கிடைக்கிறது. அதைப் போட்டால் இரண்டு விதமாகவும் நுழையும். தவறாக நுழைந்தால் பார்க் விளக்குக்கு 21 வாட் இழையும் பிரேக்குக்கு 5 வாட் இழையும் எரியும். இரவில் பின்னால் வருபவர் கண்ணைக் கூசவைத்துக்கொண்டே போவீர்கள், பிரேக் மிதித்தது அவருக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம் மலிவான எல்இடி பல்ப். 21/5 என்று அட்டையில் போட்டிருக்கும். இரண்டு நிலைக்கும் இடையே 5 மடங்கு இருக்காது. இருட்டான அறையில் சுவரில் ஒளி விழவைத்துப் பார்த்தாலே பிடிபடும்.

பிரேக் மிதித்தால் வேறு ஏதோ எரிகிறது

பிரேக் மிதித்ததும் பார்க் விளக்கு மங்குவது, இண்டிகேட்டர் லேசாக ஒளிர்வது, டேஷ்போர்டு வெளிச்சம் வருவது: இந்த வினோதங்கள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம், அந்தப் பின்விளக்கின் பொது எர்த். 21 வாட் இழை வழியாக வந்த மின்சாரத்துக்கு வண்டியின் உலோக உடலில் இறங்க வழியில்லை. அதே ஹோல்டரில் இருக்கும் 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பார்க் விளக்கு ஒயரில் கலந்து, மறுபக்கப் பார்க் விளக்கின் எர்த்தில் போய் இறங்குகிறது. போகிற வழியில் டேஷ்போர்டு விளக்கு இருந்தால் அதையும் எழுப்பிவிடும்.

ஜம்பர் ஒயரின் ஒரு முனையைப் பின்விளக்கின் எர்த் ஒயரிலும் மறுமுனையைச் சுத்தமான உடல் திருகாணியிலும் வையுங்கள். கோளாறு நின்றால் எர்த் முனையைக் கழற்றி, அடியில் பெயின்டையும் துருவையும் பளபளக்கும்வரை சுரண்டி, பல் உள்ள வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸை முறுக்கிய பிறகு பூசுங்கள், முன்பே பூச வேண்டாம்.

பிரேக் விளக்கு அணையவே இல்லை

காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் இதையும் பாருங்கள். மிதியைக் காலால் மேலே தூக்குங்கள். அணைந்தால் மிதியின் ஸ்பிரிங்கோ ஸ்விட்ச் அளவோ கோளாறு. அணையவில்லை என்றால் ஸ்விட்ச் முனை எதன்மீது முட்டுகிறது என்று விளக்கடித்துப் பாருங்கள். பல வண்டிகளில் மிதியின் தகட்டில் ஒரு சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். அது காய்ந்து உதிர்ந்ததும் ஸ்விட்ச் முனை அந்தத் துளை வழியே வெளியே வந்துவிடும், பிரேக் மிதித்தபடியே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கால் வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் அதுதான். அந்தப் பொத்தானை மட்டும் மாற்றினால் போதும்.

எல்இடி போட்ட பிறகு முழுதாக அணையாமல் மின்மினி போல ஒளிர்ந்தால், மாடியூல் அனுப்பும் சோதனைத் துடிப்பு அது. இழை பல்ப் அதில் சூடேறாது, எல்இடி ஒளிர்ந்துவிடும்.

மின்சார வண்டியில் மிதிக்காமலே பிரேக் விளக்கு வருவது பழுதாக இருக்க வேண்டியதில்லை. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்ததும் மோட்டாரே வேகத்தை இழுக்கும். அந்த வேகக்குறைவு வினாடிக்கு வினாடி 0.7 மீட்டர் வரை என்றால் விளக்கு எரியக்கூடாது, 1.3-ஐத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும். இடையில் தயாரிப்பாளர் விருப்பம். கடும் பிரேக்கில் விளக்கு படபடவென்று சிமிட்டுவதும் அப்படித்தான். மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகும்போது நொடிக்குச் சுமார் 4 முறை சிமிட்டும் அவசர நிறுத்தக் குறிப்பை விதி 48 அனுமதிக்கிறது. ஆனால் லேசாக மிதித்தாலும் சிமிட்டும் துணைக்கருவிகள் அந்த அனுமதிக்குள் வராது. வாங்கி மாட்டியிருந்தால் கழற்றுங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பின்னால் இரண்டு 21 வாட், மேலே ஒரு 16 வாட் என்று வைத்தாலும் மொத்தம் 5 ஆம்ப் கூட ஆகாது. 10 ஆம்ப் ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ ஒயர் உடலில் தொடுகிறது.

எல்லாப் பிரேக் பல்புகளையும் கழற்றுங்கள். ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்ப் ஒன்றை ஒயர் வைத்து இணைத்து, பிரேக்கை மிதிக்கச் செய்யுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. இனி ஒயரை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள்: டிக்கிக் கீல், ட்ரெய்லர் சாக்கெட், பின்னிருக்கைக்கு அடியில் திருகாணி ஏறிய இடம். பல்ப் அணையும் இடம்தான் குற்றவாளி. எல்லாப் பல்பையும் கழற்றியதும் ஷார்ட் போய்விட்டதென்றால் பல்புகளில் ஒன்றிலோ ஹோல்டர்களில் ஒன்றிலோதான் கோளாறு.

இண்டிகேட்டர் வேகமாக அடிக்கிறது

கைக்கடிகாரத்தை எடுத்து 15 நொடி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 90, கூடுதல் குறைவு 30 என்பது விதி. அமெரிக்கத் தரமும் 60 முதல் 120 வரைதான். ஆக 15 நொடியில் 15 முதல் 30. இதற்குள் இருந்தால் உங்களுக்குத்தான் அவசரம், வண்டி சரியாக இருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் இரட்டிப்பாகப் போனால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போயிருக்கிறது. இந்த வேகம் வேண்டுமென்றே வைத்தது. ஒரு விளக்கு செத்தால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும். டேஷ்போர்டு அம்புக்குறி அணைய வேண்டும், அல்லது சிமிட்டாமல் நிற்க வேண்டும், அல்லது வேகம் தெளிவாக மாற வேண்டும் என்று விதி 48 சொல்கிறது. மீதி விளக்குகள் தொடர்ந்து சிமிட்ட வேண்டும், ஆனால் அந்த நிலையில் 90 என்ற கணக்கு பொருந்தாது என்றும் அதுவே விலக்குத் தருகிறது. ஆகவே ரிலேவை மாற்றாதீர்கள், பல்பை மாற்றுங்கள். பழைய பைமெட்டல் ரிலேவில் (சூட்டில் வளையும் தகடு உள்ளது) இதற்கு நேர்மாறு: பல்ப் போனால் வேகம் குறையும் அல்லது சிமிட்டாமல் நின்றுவிடும்.

பல்ப் எரிந்துகொண்டே வேகம் கூடினால் வாட்டைப் படியுங்கள். 21 வாட் இடத்தில் 10 வாட் பல்ப் போட்டால் ரிலேவுக்கு ஒரு விளக்கு செத்தது போலவே தெரியும். எர்த் களிம்பும் மின்னோட்டத்தைக் குறைத்து அதே ஏமாற்றைச் செய்யும்.

எல்இடி போட்டதால் வந்த வேகம் என்றால் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஒவ்வோர் எல்இடிக்கும் பக்க இணைப்பில் 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் அது 24 வாட் வெப்பம். தொட்டால் கை பொசுங்கும். உடல் உலோகத்தில் திருகாணி போட்டு நிறுத்த வேண்டும், பிளாஸ்டிக்கிலோ ஒயர்க் கட்டிலோ டேப் சுற்றி வைக்கக் கூடாது. இன்னொன்று, சுமையைப் பாராமல் ஒரே வேகத்தில் அடிக்கும் மின்னணு ரிலே. சுத்தமான வழி இரண்டாவதுதான். ஆனால் இரண்டுமே ஒரு விலையைக் கேட்கின்றன: எல்இடி செத்தாலும் ரெசிஸ்டர் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும், சுமை பாராத ரிலேவுக்கோ எதுவும் தெரியாது. விதி கேட்கும் எச்சரிக்கை போய்விடுகிறது. போட்டவர் வாரம் ஒருமுறை சுற்றி வந்து பார்க்கத்தான் வேண்டும்.

எரிகிறது, சிமிட்டவில்லை, அல்லது மெதுவாகச் சிமிட்டுகிறது

தண்டைத் தள்ளியதிலிருந்து 1 நொடிக்குள் ஒளி வர வேண்டும், 1.5 நொடிக்குள் முதல்முறை அணைய வேண்டும். இதைத் தாண்டினால் முதல் சந்தேகம் ரிலே. இரண்டு முனை பைமெட்டல் ரிலேவோடு எல்இடி சேர்ந்தால் தகடு சூடேறவே சூடேறாது, விளக்கு எரிந்தபடி நிற்கும். மூன்று முனை மின்னணு ரிலேவில் மூன்றாவது முனை எர்த். அது வரவில்லை என்றாலும் எரிந்தபடி நிற்கும், அல்லது ஒன்றுமே நடக்காது. இரண்டு முனையைக் கழற்றி மூன்று முனையை மாட்டும்போது முனைகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ரிலே மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து மாட்டுங்கள், இடம் பார்த்து மாட்டாதீர்கள்.

எஞ்சின் நிற்கும்போது மெதுவாகவும் ஓடும்போது சரியாகவும் இருந்தால் பேட்டரி. இரண்டிலும் மெதுவென்றால் 49-இல் வரும் மின்னழுத்தத்தை அளங்கள்.

ஹசார்டு வேலை செய்கிறது, இண்டிகேட்டர் இல்லை

சாவி எடுத்த நிலையிலும் நான்கு விளக்கும் ஒரே தாளத்தில் சிமிட்ட வேண்டும் என்று விதி இருப்பதால் ஹசார்டுக்கு 30-லிருந்து தனி ஃபியூஸ் வரும். இண்டிகேட்டருக்கு 15-லிருந்து. ஆகவே ஹசார்டு அடித்தால் ரிலே, பல்ப், பின்னால் போகும் ஒயர் எல்லாம் தேறிவிட்டன. மிச்சம் இண்டிகேட்டர் ஃபியூஸ், தண்டு ஸ்விட்ச், அப்புறம் யாரும் நினைக்காத ஹசார்டு பொத்தான். பல வண்டிகளில் ரிலேவுக்குப் போகும் மின்சாரம் அந்தப் பொத்தானுக்குள் புகுந்துதான் வரும். பல மாதம் அழுத்தாமல் கிடந்தால் உள்ளே களிம்பு. இருபது தடவை அழுத்தி எடுங்கள். உயிர் வந்தால் பொத்தானை மாற்ற வேண்டிய நேரம் என்று பொருள்.

இருசக்கர வண்டியில் ஒரு பக்கம் போட்டால் நான்கும் சிமிட்டுகின்றன

எல்இடி இண்டிகேட்டர் மாட்டிய பிறகு வரும் கோளாறு. டேஷ்போர்டில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே குறிவிளக்கு உள்ள வண்டிகளில் மட்டும் நடக்கும். அந்தச் சிறு பல்பின் ஒரு முனை இடது ஒயரில், மறுமுனை வலது ஒயரில் இருக்கும். எதிர்ப்பக்க இழையைத்தான் எர்த்தாகப் பயன்படுத்திக்கொள்ளும். 10 வாட் இழைக்கு அந்த மின்சாரம் ஒன்றுமில்லை, எல்இடிக்கு அது தாராளம்.

1என்4007 டயோடு இரண்டு வாங்குங்கள். ஒன்றின் கோடில்லாத முனையை இடது ஒயரிலும், மற்றொன்றின் கோடில்லாத முனையை வலது ஒயரிலும் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். வெள்ளைக் கோடு போட்ட இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்துக் குறிவிளக்கின் ஒரு முனைக்குக் கொடுத்து, மறுமுனையை எர்த் செய்யுங்கள். சுருங்கு குழாய் போட்டு மூடிவிடுங்கள்.

எல்லாம் எரிகிறது, சோதனையில் தள்ளிவிட்டார்கள்

நிறத்தைப் பாருங்கள். ஐ.நா. விதியில் இண்டிகேட்டர் முன்னும் பின்னும் மஞ்சள்தான். அமெரிக்கத் தரம் பின்னால் சிவப்பையும் ஒப்புக்கொள்கிறது. அங்கிருந்து இறக்கிய வண்டி ஐ.நா. விதி உள்ள நாட்டில் தோற்பது இதனால்தான். வெள்ளை லென்ஸ் உள்ள விளக்கில் மஞ்சள் பூச்சுப் பல்ப் போட வேண்டும். பூச்சு நாளடைவில் உரிந்து வெள்ளையாகச் சிமிட்டும். பிஒய்21டபிள்யூ என்ற மஞ்சள் பல்பின் முள்கள் நேரெதிரே இல்லாமல் கோணலாக இருப்பது, அந்த இடத்தில் வெள்ளைப் பல்ப் நுழையாமல் இருக்கத்தான். முள்ளை அராவி நுழைப்பவர்கள் தோல்வியையும் சேர்த்தே நுழைக்கிறார்கள்.

லென்ஸ் மேல் வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் தெரிகிறதா பாருங்கள். எண் அனுமதி தந்த நாட்டைக் குறிக்கும், 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. பக்கத்தில் 2ஏ என்றால் பின் இண்டிகேட்டர், எஸ்1 என்றால் பிரேக், எஸ்3 என்றால் மேல் பிரேக். அமெரிக்க லென்ஸில் எஸ்ஏஇ என்பதை அடுத்து வரும் ஐ இண்டிகேட்டரையும், எஸ் பிரேக்கையும், டி பின் பார்க்கையும் குறிக்கும். அனுமதி அந்த விளக்குக்கு, அதற்கென்று சொன்ன வகைப் பல்போடு சேர்த்துத் தரப்பட்டது. இழை பல்புக்கு அனுமதி பெற்ற கூட்டுக்குள் ஏதோ ஓர் எல்இடியைச் செருகினால் லென்ஸில் உள்ள குறி அதைக் காப்பாற்றாது. புகைக்கறுப்பு ஒட்டுத்தாளும் அப்படியே.

நீளமாக ஓடிப் போகும் இண்டிகேட்டர் என்றால், உள்ளிருந்து வெளிப்பக்கம் ஓட வேண்டும், 200 மில்லி நொடிக்குள் முழுதும் எரிந்துவிட வேண்டும். பின்னால் ஒட்டும் நாடா விளக்குகள் பல இதற்கு மேல் இழுக்கும்.

இடத்தையும் அளங்கள். காரில் பக்கத்து பிரேக் விளக்கும் பின் இண்டிகேட்டரும் தரையிலிருந்து 350 முதல் 1500 மி.மீ.க்குள், இடது வலது இண்டிகேட்டர்களுக்கு இடையே குறைந்தது 600 மி.மீ., வண்டி அகலம் 1300-க்குக் குறைவென்றால் 400. மோட்டார் சைக்கிளில் இண்டிகேட்டர் 350 முதல் 1200 மி.மீ. உயரத்தில், முன்னவை இரண்டுக்கும் இடையே குறைந்தது 240 மி.மீ., பின்னவைக்கு 180 மி.மீ. பின் மட்கார்டை வெட்டி நம்பர் பிளேட்டை ஒட்டிச் சின்ன எல்இடி வைத்தவர்கள் பெரும்பாலும் இந்த 180-இல் சிக்குகிறார்கள்.

ட்ரெய்லர் மாட்டினால் மட்டும் கோளாறு

முதலில் ட்ரெய்லரைக் கழற்றி வண்டியைத் தனியாகச் சோதியுங்கள். வண்டி நன்றாக இருந்தால் சாக்கெட். 7 முனை வட்ட சாக்கெட்டில் வழக்கமான வரிசை: 1 இடது இண்டிகேட்டர், மஞ்சள், 2 பின் பனிவிளக்கு, நீலம், 3 எர்த், வெள்ளை, 4 வலது இண்டிகேட்டர், பச்சை, 5 வலது பார்க், பழுப்பு, 6 பிரேக், சிவப்பு, 7 இடது பார்க், கறுப்பு. பிரேக் மிதித்தால் ட்ரெய்லரின் எல்லா விளக்கும் மங்கலாகத் துடித்தால் 3-ஆம் முனையைச் சுத்தம் செய்யுங்கள். இணைப்புக் கொண்டியின் உலோகம் எர்த்தாகிவிடும் என்று நம்பி வெள்ளை ஒயரை விட்டவர்களுக்கு மேடு பள்ளத்தில் மட்டும் விளக்கு போய்வரும்.

ட்ரெய்லர் சேர்ந்ததும் இண்டிகேட்டர் நிலைகுலைந்தால் ரிலேவின் தாங்கு அளவைப் படியுங்கள். 2×21+5 என்று அச்சிட்டிருந்தால் அது ஒரு பக்கத்துக்கு 47 வாட். ட்ரெய்லரின் 21-ஐச் சேர்த்தால் 68. மூன்று விளக்குக்கான ரிலே வேண்டும். அந்த ரிலேவில் ட்ரெய்லர் குறிவிளக்குக்கென்று ஒரு தனி முனை இருக்கும். டேஷ்போர்டில் அதற்கு ஒரு சிறு விளக்கு வைத்து இணைத்துவிடுங்கள். ட்ரெய்லரைக் கழற்றியதும் அது சிமிட்டாமல் நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.